மஸ்கோகியர் உடுத்தும் உடை

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த மக்கள் எவற்றைத் தம்முடன் கொண்டு செல்கின்றனர்? மொழி, உணவு, பாட்டு என்று பலவற்றைச் சொல்லலாம். உடையையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பதை, அமெரிக்கப் பழங்குடியினரான மஸ்கோகி மக்களைப் பற்றிப் படித்தபோது நாம் உணர்ந்தோம்.

ஜார்ஜியா, அலபாமா என்று இன்று வழங்கும் பகுதிகளே அவர்தம் தாயகம். 1830இல் இயற்றப்பெற்ற வெளியேற்றச் சட்டத்தை அடுத்து, 1836, 1837ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவர் படைக்காவலுடன் மேற்கே விரட்டப்பட்டனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் குடியேறிய நிலம் இன்றைய ஒக்லஹோமாவில் உள்ளது. ரயில்வே குமாஸ்தாவாக ஊர் மாறிய நாம் சம்பளத்தை நாடி வந்தவர்கள், அவர்களோ துரத்தப்பட்டவர்கள். இரண்டையும் ஒன்றென்பது தகாது. எனினும் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

அவர்தம் முன்னோர் மான்தோல் உடுத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தோல்களை ஐரோப்பிய வணிகர்க்குக் கொடுத்து, கம்பளியும் அச்சிட்ட பருத்தித் துணியும் பாசிமணிகளும் பெற்றனர். பருத்தித் துணிக்கு ஆங்கிலேயர் இட்ட 'காலிகோ' என்னும் பெயர் நம் கோழிக்கோட்டிலிருந்து பிறந்தது என்பது சுவையான செய்தி. துணி அயலாருடையது, அதை வெட்டித் தைத்த கை மஸ்கோகியருடையது. ஆடவர் சுருக்கு வைத்த நீண்ட அங்கியும் இறகு செருகிய தலைப்பாகையும் அணிந்தனர். பாசிமணி தைத்த பையைத் தோளில் குறுக்காக மாட்டினர். தறியின்றி விரல்களாலேயே பின்னிய கம்பளிக் கச்சையை இடையில் கட்டினர். சில தலைமுறைகளில் அதுவே அவர்தம் மரபுடை ஆயிற்று.

கோடையில் நிகழும் புதுச்சோள விழாவில் பெண்கள் பலநிற நாடாக்கள் தொங்க ஆடுவர். இரவில் நெருப்பைச் சுற்றி நிகழும் ஆட்டத்தில், கூழாங்கல் இட்ட ஆமையோடுகளைக் காலில் கட்டிக்கொண்டு ஆடவர் பாட்டுக்குத் தாளம் தருவோரும் பெண்களே. நம் சலங்கையை நினைவூட்டும் இவ்வணியைப் பால் டப்பாக்களைக் கொண்டும் செய்கின்றனர். டப்பா புதிது, தாளம் பழையது!

உறைவிடப் பள்ளிகள் பழங்குடிப் பிள்ளைகளின் முடியைக் கத்தரித்துச் சீருடை மாட்டிய காலமும் இருந்தது. அதையும் கடந்து, இன்று நாடா தைத்த சட்டையும் பாவாடையும் விழாக்களிலும் பட்டமளிப்பு மேடைகளிலும் விளங்குகின்றன. அலுவல் நாள்களில் அவர்களும் பிற அமெரிக்கரைப் போலவே உடுக்கின்றனர். அதனால் அவர்தம் மஸ்கோகித் தன்மை குன்றிவிடவில்லை.

சென்ற பொங்கலன்று நம் மகள், "பட்டுப்பாவாடை கட்டினால் தோழிகள் சிரிப்பார்கள், அப்பா" என்றாள். அதட்டினால் பாவாடை ஏறும், விருப்பம் ஏறாது. ஆகவே பால் டப்பாவைக் காலில் கட்டி ஆடும் பெண்களின் கதையைச் சொன்னோம். "அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையா?" என்று கேட்டாள். "சிரித்திருப்பார்கள், அதற்காக அவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை" என்றோம். சற்று நேரம் யோசித்தவள், "அப்படியானால் நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு கடைத்தெரு வரையில் வருவீர்களா?" என்றாள்.

கேள்வி நியாயமானது. வேட்டி கட்டிக்கொண்டு அவளுடன் நடந்தோம்.

அன்பர்களே, நாள்தோறும் வேட்டி கட்டிப் பணிக்குச் செல்ல இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. விழா நாளிலேனும் பெரியவர்களாகிய நாம் கூசாமல் உடுத்தினால், பிள்ளைகளின் கூச்சம் தானே அகலும்.