உம்மாவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான்



"உம்மாவுக்கு டீவியில பதிவு செய்ய என்னமோ வாங்கிக் குடுத்தீங்களாமே, அது என்ன சாமான்?" என்று பெருநாளைக்குப் பிறகு ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் பிள்ளைகள் புத்தளத்திலும் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் தாய்தகப்பன்மார் எங்கள் பக்கம் நிறையப் பேர். ஒருவருக்காவது உதவும்.

உம்மா எருக்கலம்பிட்டியில் இருக்கிறார். வாப்பா மௌத்தான பிறகும் எங்களோடு வந்து இருக்க அவருக்கு மனமில்லை. வீட்டில் இணையம் கிடையாது. கையில் இருப்பது பொத்தான் ஃபோன். பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்தால் அது டீவிதான். இரவுச் செய்தி, ஒரு நாடகம், நோன்பு காலத்தில் மார்க்க நிகழ்ச்சிகள். அவ்வளவுதான்.

பிரச்சினை வக்துதான். பாங்கு சொன்னதும் உம்மா எழும்பிவிடுவார். மஃரிபுக்குச் செய்தியின் தொடக்கம் போகும், இஷாவுக்கு நாடகத்தின் பாதி போகும். நோன்பில் தராவீஹ் தொழுதுவிட்டு வரும்போது எல்லாமே முடிந்திருக்கும். "என்ன நடந்திச்சாம்?" என்று அடுத்த நாள் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வார். "யூடியூபில இருக்கு உம்மா" என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அது இருக்கும் இடத்துக்கு உம்மாவால் போக முடியாதே.

முந்திய காலமென்றால் டெக் இருந்தது. கசெட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமத்தினால் 3 மணித்தியாலம் ஓடும். அந்த டெக்கைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கொம்பனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனிப் புதிதாக வாங்க வழியில்லை. பழசு கிடைத்தாலும் கசெட்டில் பூஞ்சணம்.

நானா கட்டாரிலிருந்து காசு அனுப்பினார். பெரிய ஸ்மார்ட் டீவி வாங்கினோம். பென் ட்ரைவைக் குத்தினால் பதிவாகும் என்று கடையில் சொன்னார்கள். வீட்டில் கொண்டுவந்து அன்டெனாவைக் கொழுவி அமத்திப் பார்த்தால், "இந்த அலைவரிசையைப் பதிவு செய்ய முடியாது" என்று எழுத்து வருகிறது. டீவியில் பிழை இல்லை. எங்கள் அன்டெனாவில் வருவது அனலொக். டீவிக்குள் இருக்கும் பதிவு வசதி, டிஜிட்டலாக வருவதை அப்படியே பென் ட்ரைவில் இறக்கி வைக்க மட்டும்தான். இதை வாங்குவதற்கு முன்னமே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அடுத்ததாக, டிஷ்ஷுக்குப் பதிவு வசதியுள்ள ஒரு பொக்ஸ் போட்டோம். இதில் நேரம் குறித்து வைக்கலாம், தானாகப் பதிவாகும். ஒரு கிழமைக்கு எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்து, ரிமோட்டையும் படிப்பித்துவிட்டு வந்தோம். ஃபோனில் கேட்டால் "நல்லாயிருக்கு மகன்" என்பார். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

மூன்று கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால் பென் ட்ரைவில் ஒன்றும் இல்லை. உம்மா படுக்கப் போகும்போதும் வெளியே போகும்போதும் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவார். இடி மின்னலுக்கும் கரன்ட் பில்லுக்கும் பயந்து வந்த பழக்கம். கரன்ட் இல்லாத பொக்ஸ் எதைப் பதியும்? வேறொரு சிக்கலும் இருந்தது. அது ஒரே நேரத்தில் ஒரு அலைவரிசையைத்தான் பிடிக்கும். ஒன்றைப் பதியும்போது வேறொன்றுக்கு மாற்றினால், பதிவை நிறுத்தவா என்று ஆங்கிலத்தில் கேட்கும். பழுதாகிவிட்டது என்று பயந்து உம்மா அதைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

"ஏன் உம்மா எங்களுக்குச் சொல்லல்ல?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டோம்.

"ஒவ்வொண்டுக்கும் உங்களுக்கு அடிச்சுக் கேக்கோணுமா? கேட்டுக் கேட்டு வாங்கின காலம் போதும் மகன்" என்றார்.

அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டியில் போய் இறங்கியபோது உம்மாவின் கையில் பிள்ளைகளும் ஒரு துணி மூட்டையும்தான். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். தண்ணீருக்கு வரிசை, நிவாரண அரிசிக்கு வரிசை, ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கவும் வரிசை. ஊருக்குத் திரும்பி வீட்டைக் கட்டிக்கொள்ள ஏறக்குறைய 20 வருடம். அப்படிப்பட்ட ஒருவருக்கு, நாடகம் பார்க்கவும் மகனிடம் கேட்க வேண்டிய சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். வசதி என்று நினைத்து இன்னொரு வரிசையில் நிறுத்திவிட்டோம்.

அன்றைக்குத்தான் உம்மா டீவி பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தோம். பாங்கு சொல்லும் நேரத்தில் அவர் வீட்டில்தான் இருக்கிறார். வுழூ எடுக்கப் போகும்போது எழும்புகிறார், தொழுது முடிந்து வந்து அதே கதிரையில் இருக்கிறார். நேரம் குறித்து வைக்கும் வசதி அவருக்கு எதற்கு? எழும்பும்போது அமத்த ஒரு பொத்தான், வந்து பார்க்க ஒரு பொத்தான். அவ்வளவுதான் தேவை. ஒரு கிழமைக்கு முன்கூட்டியே குறித்து வைப்பது எங்களுக்குத்தான் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

கடைசியில் வாங்கியது கையளவான ஒரு சின்னப் பெட்டி. டிஷ் பொக்ஸின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றும் அதற்குள் போய், அங்கிருந்து டீவிக்குப் போகும். மேலே சிவப்புப் பொத்தான் ஒன்று. அமத்தினால், திரையில் என்ன ஓடுகிறதோ அது பென் ட்ரைவில் பதிவாகும். திரும்ப அமத்தினால் நிற்கும். படம் கொஞ்சம் மங்கல்தான். உம்மாவின் கண்ணுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு நாங்கள் காசைக் கொடுத்துப் படித்தவை:

1. பார்ப்பது அன்டெனாவிலா டிஷ்ஷிலா என்பதை முதலில் பாருங்கள். அன்டெனா என்றால், டீவியில் "யூஎஸ்பி பதிவு" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம்.

2. இணையம் இல்லாமல் வேலை செய்யுமா என்று வாயால் கேட்டால் போதாது. கடையிலேயே வைஃபை இல்லாமல் ஒரு நிமிடம் பதிந்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. கரன்ட் போய் வந்தால் நேரமும் அமைப்புகளும் அழிந்துவிடுகின்றனவா என்று பிளக்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரன்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள்.

4. டீவியோடு சேர்ந்த பதிவு பெரும்பாலும் அந்த டீவியில் மட்டும்தான் ஓடும். டீவி பழுதானால் பதிவும் போனது போலத்தான்.

5. சாதாரணப் படத்துக்கு ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 2 ஜீபி பிடிக்கும். 64 ஜீபி பென் ட்ரைவ் ஒன்று ஒரு மாத நாடகத்துக்குப் போதும்.

6. கடைசிப் பரீட்சை இதுதான். காட்டிக்கொடுத்த பிறகு நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் ஆசிரியர் நிற்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் கணக்கு வரும். நீங்கள் இல்லாத நேரத்தில், யாரையும் கேட்காமல், அவர்களாகவே பதிந்து போட்டுப் பார்த்தால்தான் அது அவர்களுடைய சாமான்.

உம்மாவின் ரிமோட்டில் தேவையில்லாத பொத்தான்களை டேப் போட்டு மறைத்தோம். கொப்பியில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றைச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். மூன்றாம் நாள் அதை உம்மா பிய்த்துவிட்டார். "எனக்குத் தெரியும் எது எண்டு" என்றார்.

இந்த வருட நோன்பு முழுதும் ஒரு நாளும் எங்களிடம் கேட்கவில்லை. இப்போது பக்கத்து வீட்டு மாமிக்கும் தவறவிட்டதைப் போட்டுக் காட்டுகிறாராம். போன கிழமை இரவு ஃபோன் எடுத்தோம்.

"பொறு மகன், நிப்பாட்டி வெச்சிட்டு வாறன்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். உங்கள் துஆவில் உம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.