தலை போன திருகாணி

திருகாணி என்றதும் என் வயசுக்காரர்களுக்கு நினைவு வருவது வைரத்தோடுதான். என் மனைவி எந்தக் கல்யாணத்துக்குப் புறப்பட்டாலும் வாசற்படி இறங்குவதற்குள் மூன்று தடவை காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். தோட்டின் பெருமையில் தொடுகிறாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டே விட்டேன். "தோடு எங்கே போயிடும்? பின்னாலே திருகாணி இருக்கான்னு பார்த்தேன்" என்றாள்.

அந்தப் பதில் எனக்கு முழுவதும் விளங்க வெகு காலம் பிடித்தது. அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், ஓர் ஏணியின் அடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் விளங்கிற்று.

2023ஆம் வருஷம் புரட்டாசி மாதம் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். டெட்ராயிட் நகரத்துக்கு வெளியே வீடு. மோட்டார் கம்பெனியில் உத்தியோகம். அந்தக் கோடைக்குத்தான் அவன் ஒரு பழைய மோட்டார் வீடு வாங்கியிருந்தான். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். லாரி மாதிரி ஒரு வண்டி. அதற்குள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேஜை, குளியலறை எல்லாம் அடக்கம். நாமெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவோம். இவர்கள் வீட்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து மாகாணமான இந்தியானாவில் எல்கார்ட் என்று ஓர் ஊர். அதைச் சுற்றித்தான் இந்த வண்டிகளைக் கட்டும் பட்டறைகள் அதிகம். இவற்றுக்கென்றே ஒரு காட்சிசாலைகூட அங்கே இருக்கிறது.

வடக்கே போய், 1957இல் திறந்த ஐந்து மைல் நீளமான மெக்கினா பாலத்தைக் கடந்து, சுப்பீரியர் ஏரியை எனக்குக் காட்ட வேண்டும் என்பது மகனின் ஏற்பாடு. புறப்பட ஒரு வாரம் இருக்கையில் வண்டியைச் சுற்றி வந்தவன், பின்பக்க மூலையில் நின்றுவிட்டான். "அப்பா, இங்கே கொஞ்சம் வாங்க" என்றான்.

அந்த வண்டியின் சுவர் மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. இரண்டு சுவர்கள் சேருகிற மூலையில் மேலிருந்து கீழ்வரை ஓர் அலுமினியப் பட்டை. பட்டையை மரத்தோடு பிடித்திருப்பவை வரிசையாகத் திருகாணிகள். அவற்றின் தலைகள் வெளியே தெரியாதபடி ஒரு வினைல் நாடா, புடவைக் கரை போல, பட்டையின் பள்ளத்தில் ஓடுகிறது. பார்வைக்கு வெகு லட்சணம். ஆனால் வெயிலில் அந்த நாடா சுருங்கிப்போகும். சுருங்கினால் விளிம்பில் இடுக்கு விழும். இடுக்கில் தண்ணீர் இறங்கும். இறங்கின தண்ணீர் திருகாணித் தலைகளின்மேல்தான் உட்காரும்.

மகன் நாடாவை உருவினான். உள்ளே செம்பழுப்புத் துருவும், அலுமினியம் உதிர்ந்த வெள்ளைப் பொடியும், குங்குமமும் விபூதியும் கலந்த மாதிரி இருந்தன. திருகாணித் தலையில் சதுரப் பள்ளம். கனடாக்காரர் ராபர்ட்ஸன் என்பவர் 1909இல் காப்புரிமை வாங்கிய தினுசு அது. கோடு போட்ட பழைய திருகாணியில் திருப்புளி நழுவிக் கையைக் கிழித்த ஆத்திரத்தில் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். நழுவாது என்பது உண்மைதான். நழுவாததனால் வந்த வினையும் உண்டு. மகன் திருப்புளியைச் செருகி மெதுவாக இடப்பக்கம் திருகினான். 'டிக்' என்று ஒரு சத்தம். தலை மட்டும் கையோடு வந்தது. உடம்பு மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

அந்த மூலையில் மொத்தம் நாற்பது திருகாணிகள். சாயங்காலத்துக்குள் ஏழு தலைகள் உருண்டன.

"ஏண்டா இப்படி?" என்று கேட்டேன்.

எஞ்ஜினியரிடம் இப்படிக் கேட்கக் கூடாது. இரும்பு துருவாக மாறினால் முன்னைவிட அதிக இடம் கேட்குமாம். அதனால் மரத்துக்குள் இறுகிக்கொள்கிறது. அதே சமயம் நடுத்தண்டு தேய்ந்து இளைத்துப்போகிறது. இறுகவும் இறுகி, இளைக்கவும் இளைத்தவனைத் திருகினால் கழுத்து முறியாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அதுவே ஒரு சின்ன மின்கலம். 1800இல் வோல்ட்டா உலோகத் தகடுகளின் நடுவே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து மின்சாரம் எடுத்த அதே சமாசாரம்தான்.

"உப்பு எங்கேயிருந்து வந்தது? இங்கே சமுத்திரமே இல்லையே?"

மகன் சிரித்தான். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையெல்லாம் உப்பை வாரி இறைக்கிறார்கள். டெட்ராயிட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே மோட்டார் செய்கிறார்கள். அதைத் தின்கிற உப்பைக் கீழேயிருந்து வெட்டி எடுக்கிறார்கள். பகவான் எதையும் ஒரு கணக்கோடுதான் வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். நாவலாசிரியனின் யோசனை. கதையில் ஓட்டை விழுந்தால் ஒரு நிலாக் காட்சியைப் பூசி மறைத்துவிடுவது எங்கள் தொழில் ரகசியம். "உடைந்தது ஏழுதானே? மீதி முப்பத்து மூன்றும் பிடித்துக்கொள்ளும். அந்த ஏழு ஓட்டையிலும் சிலிக்கான் பசையை அப்பி, மேலே நாடாவைப் போட்டு மூடிவிடேன். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன்.

அவன் கையிலிருந்த தலையில்லாத திருகாணியைப் பார்த்தபடியே சொன்னான்: "நம்ம வீட்டு மச்சிலேயும் அப்படித்தானே அப்பா பண்ணினோம்?"

குரலில் கோபமில்லை. 'பண்ணினோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டான். அதுதான் சுருக்கென்று தைத்தது. பண்ணினது நான் ஒருவன்தான்.

கும்பகோணத்தில் என் தகப்பனார் கட்டிய வீடு. மரக்கட்டை பாவி, செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மச்சு. ஒரு ஐப்பசி மழையில் கூடத்து மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. "கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள்" என்றாள் மனைவி. பிரித்தால் செலவு, தூசி, என் எழுத்து கெடும். மேலே சிமெண்டைப் பூசி, கீழே கறையின்மேல் வெள்ளையடிக்கச் செய்தேன். அடுத்த வருஷம் கறை சற்றுத் தள்ளி வந்தது. அதற்கும் வெள்ளை. இப்படி எட்டு வருஷம். கடைசியில் ஒரு நாள் உத்தரத்தின் முனை உளுத்து இறங்கிற்று. தேக்கு உத்தரம், விரலால் குத்தினால் பொடியாக உதிர்ந்தது. செப்பனிடப் பணமில்லாமல் வீட்டை மண் விலைக்கு விற்றேன். அப்போது மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். சாவியைக் கொடுத்த அன்று அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் புறப்படும்போது வழக்கம்போலக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டைப் பற்றி நாங்கள் மூவரும் பேசினதே கிடையாது.

"சரி, பிரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

பட்டையைக் கழற்றினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பேத்தி டப்பாவில் திருகாணிகளை எண்ணிப் போட்டாள். நாலு உடைந்த தண்டுகள் மரத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பூட்டுக் குறடால் கவ்வி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத் திருகினான். அவசரப்பட்டால் மறுபடி முறியும். நாலும் வந்தன. மரத்தோடு மரமாக மழுங்கிப்போன இரண்டைச் சுற்றிக் குழல் போன்ற துளைக் கருவியால் குடைந்து, கட்டையோடு சேர்த்தே எடுத்து, அந்தக் குழியில் பசை தடவிய மர ஆப்பை அறைந்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் புதுத் துளை போட்டான். ஏழாவது எதற்கும் மசியவில்லை. அதை அப்படியே விட்டு, மேலே அடைப்புப் பசை வைத்து, ஓர் அங்குலம் தள்ளிப் புதிதாக ஒன்றை இறக்கினான்.

கூரான ஊசியால் மரத்தை மேலிருந்து கீழாகக் குத்திப் பார்த்தான். அடியில் ஒரு சாண் நீளம் மட்டும் நைந்திருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுக் கட்டை சேர்த்தான். "இன்னும் இரண்டு குளிர்காலம் போயிருந்தால் மூலையே இறங்கியிருக்கும்" என்றான். பட்டையின் அடியில் ப்யூட்டைல் நாடா. அது ரப்பர் ஜாதி, கெட்டிப்படாமல் பிசின் மாதிரியே இருந்து தண்ணீரைத் தடுக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை ஒவ்வொன்றாக அடைப்புப் பசையில் தோய்த்து, தண்ணீர் நடுவே புகாதபடி இறக்கினான். ஓரத்தில் பிசின் லேசாகப் பிதுங்கினதும் நிறுத்தினான். அதற்கு மேல் முறுக்கினால் மரத்தில் மரை தேய்ந்து பிடிப்பே போய்விடுமாம். நான் சொன்ன சிலிக்கான் மட்டும் கூடவே கூடாதாம். அது இருந்த இடத்தில் பின்னால் வேறெதுவும் ஒட்டாதாம்.

மூன்று நாள் வேலை. கடைசியில் புது வினைல் நாடாவைப் போட்டு மூடினான். வெளியே நின்று பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

பாலத்தைக் கடந்தோம். சுப்பீரியர் ஏரிக்கரையில் மரங்கள் சிவந்து நின்றன. இரண்டாம் ராத்திரி நல்ல மழை. கூரையின்மேல் சடசடவென்ற சத்தத்தில் எனக்கு விழிப்புக் கொடுத்தது. என் படுக்கை அந்த மூலையில்தான். இருட்டில் கையை நீட்டிச் சுவரைத் தடவினேன். மேலிருந்து கீழ்வரை தடவினேன்.

"நனைஞ்சிருக்கா அப்பா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து மகனின் குரல் வந்தது. அவனும் தூங்கவில்லை.

"இல்லேப்பா. காஞ்சுதான் இருக்கு" என்றேன். பிறகு, எத்தனையோ வருஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்: "அந்த மச்சை நான் பிரிச்சிருக்கணும். உங்கம்மா சொன்னா. நான் கேக்கலை."

சற்று நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"போர்வை போதுமா அப்பா? குளிரும்" என்றான். எழுந்து வந்து இன்னொன்றைப் போர்த்திவிட்டுப் போனான்.