ரசீது போடுங்க சார்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு)

நண்பர்களே! நம் பாலிடெக்னிக்குக்கு டூவீலரில் வருகிறவர்களில், அரிசி மில் இறக்கத்தில் ஒரு தடவைகூட போலீஸ் கை காட்டி நிறுத்தாத ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருத்தரும் இல்லையா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சிதான். மேலே படியுங்கள்.

2024 அக்டோபர் மாதம். ஐந்தாம் செமஸ்டர் பிராக்டிகல். ஒன்பது மணிக்கு ஹாலில் இருக்க வேண்டும். மாமா கொடுத்த பழைய ஸ்பிளெண்டரில் கிளம்பினேன். ஹெல்மெட் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, லைசென்ஸ் செல்போனில் டிஜிலாக்கரில் உண்டு. சட்டைப்பையில் புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்காக அம்மா கொடுத்த முந்நூறு ரூபாயும் உண்டு.

மில்லைத் தாண்டினால் சாலை இறங்கும். இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். அதற்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு வட்டத்துக்குள் '30' என்று எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேல் தினம் அந்த வழியாகப் போய் வந்தும் அன்று வரை அதை நான் பார்த்தது கிடையாது. பாதியைப் புளியங்கிளை மறைத்திருந்தது. மீதியை ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் மறைத்திருந்தது.

மில் வாசலில் நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"தம்பி, ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன். நான் இறங்குவதற்குள் சாவி அவர் கைக்குப் போய்விட்டது.

"என்ன ஸ்பீடு வந்தே தெரியுமா? நாப்பத்தேழு. இங்க முப்பதுதான்."

"போர்டு எங்க சார் இருக்கு?"

"படிக்கிற பையன்தானே? கண்ணு தெரியாதா?"

"மெஷின்ல காட்டுங்க சார், பாக்கறேன்."

"நீ என்ன பெரிய இன்ஜினியரா? லைசென்ஸ் எடு."

செல்போனை நீட்டினேன். "போன்ல காட்டுறதெல்லாம் செல்லாது. ஒரிஜினல் எங்கே?" என்றார். மணி எட்டு நாற்பது. "சார், ஒன்பது மணிக்கு பிராக்டிகல் சார்" என்று கெஞ்சினேன். நான் செய்த தப்பே அதுதான். அவசரம் என்று சொன்ன அந்த நொடியில் என் விலை அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கேஸ் போட்டா ஆயிரம். எழுதி முடிக்க நேரமாகும். அவசரம்னா நீயே சொல்லு."

இந்தச் சமயத்தில் கொடி கட்டிய கார் ஒன்று இறக்கத்தில் பறந்து வந்தது. என்னைவிடக் கண்டிப்பாக வேகம். கை நீளவில்லை. நீண்ட கை நெற்றிக்குப் போய் சல்யூட் அடித்தது.

பைண்டிங் பணம் கைமாறியது. சாவி திரும்பி வந்தது. ரசீது வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹாலுக்குள் நுழையும்போது ஒன்பதேகால். "ஏம்ப்பா லேட்டு?" என்று சார் கேட்டார். "பஞ்சர் சார்" என்றேன். நல்லவேளை, உள்ளே விட்டார்கள். கை நடுங்கிக்கொண்டே சர்க்யூட் போட்டேன்.

அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது முந்நூறு ரூபாய் இல்லை, அந்தப் 'பஞ்சர்'தான். போலீஸ் நிறுத்திப் பணம் வாங்கிக்கொண்டது என்று ஏன் என்னால் சொல்ல முடியவில்லை? சொன்னால், "நீ என்ன பண்ணினே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பணத்தைப் பறிகொடுத்தவனே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதால்தான் இந்தக் காரியம் காலையில் ஆறு மணிக்கே கடை திறந்து நடக்கிறது.

மறுநாள் முதல் எனக்கு ஒரே வெறி. அந்த மெஷின் தப்பு என்று நிரூபிக்க வேண்டும்! கம்யூனிகேஷன் லேப் சாரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "டாப்ளர் எஃபெக்ட் படிச்சிருக்கேல்ல, போட்டுப் பாரு" என்றார்.

போட்டுப் பார்த்தேன். 24 கிகா ஹெர்ட்ஸ் ரேடார் துப்பாக்கி என்றால், மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 44 ஹெர்ட்ஸ் அதிர்வெண் மாறும். 47 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,100 ஹெர்ட்ஸ். சாலை ஓரத்தில் நின்று சாய்வாகப் பிடித்தால் காஸைன் கணக்கு உள்ளே வரும். கோணம் 20 டிகிரி என்றால் 47-ஐ 44 என்றுதான் காட்டும். அதாவது, கோணத்தால் வருகிற பிழை நமக்குத்தான் சாதகம்! எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் இன்னொரு கணக்கு உண்டு. ரேடார் கற்றை போகப் போக விரியும். 12 டிகிரி அகலமுள்ள கற்றை 100 மீட்டர் தூரத்தில் 21 மீட்டர் பரந்து நிற்கும். நம் ஊர் ரோட்டின் அகலத்தைவிட அது அதிகம். நாலு வண்டி சேர்ந்து வந்தால் எந்த வண்டியின் வேகம் என்பதை எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லேசர் துப்பாக்கியில் அதே தூரத்தில் கற்றை 30 செ.மீ. அளவுதான் இருக்கும், எந்த வண்டி என்று குறி வைக்கலாம். ஆகவே, "மெஷினைக் காட்டுங்க" என்று கேட்பது திமிர் இல்லை. மீட்டரின் அளவைப் பார்த்துவிட்டு ரெக்கார்டில் எழுதுகிற நாம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி.

சார் கடைசியாக ஒன்று கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். நீ உண்மையிலேயே எவ்வளவு வேகத்தில போனே?"

நான் பதில் சொல்லவில்லை. நாற்பத்தைந்துக்கு மேல்தான் இருக்கும். 47-ஐ 30-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.45. பிரேக்கை அழுத்திய பிறகு வண்டி நிற்க ஆகும் தூரமும் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். அந்த 30 சரியான 30 தான். அதை மறைத்து வைத்ததுதான் தப்பு. வண்டியை மெதுவாக்க வேண்டும் என்று நினைக்கிறவன் பலகையைப் பளிச்சென்று வைப்பான். பணம் பண்ண வேண்டும் என்று நினைக்கிறவனுக்குப் புளியங்கிளைதான் உற்ற நண்பன்.

சட்டத்தையும் தேடிப் படித்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவுப்படி, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். அதில் நாம் முறைக்கக் கூடாது. ஆனால் 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு, காகிதமாகவும் காட்டலாம், மின்னணு வடிவிலும் காட்டலாம். 'போன்ல செல்லாது' என்பது செல்லாது! 2021 ஆகஸ்டில் வந்த விதி 167ஏ, ஸ்பீடு கன் போன்ற கருவிகளுக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், கண்காணிக்கிற இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்கிறது. மல்டிமீட்டருக்குக் காலிப்ரேஷன் கேட்கிற நமக்கு இது புரியாதா என்ன?

இவ்வளவும் படித்துவிட்டு நான் பெரிய வீரனாகத்தான் திரிந்தேன். என் வீரத்தைச் சோதிக்க டிசம்பர் மாதம் ஒரு நாள் வந்தது.

அப்பாவுக்குச் சந்தையில் காய்கறிக் கடை. விடியற்காலை டி.வி.எஸ். எக்ஸெல்லில் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். அன்று செமஸ்டர் லீவு. கூடமாட ஒத்தாசைக்கு என் வண்டியில் இன்னொரு மூட்டையோடு பின்னாலேயே வந்தேன். அதே மில். அதே லாரி நிழல். அப்பா தலையில் ஹெல்மெட் இல்லை, துண்டுதான்.

கை நீண்டது. அப்பா இறங்கினார். எதுவும் பேசவில்லை. பையிலிருந்து ஆர்.சி. புத்தகம் வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஆர்.சி.க்குப் பின்னால் நாலாக மடித்த ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

நண்பர்களே, அந்த நோட்டு அங்கேயே குடியிருந்த நோட்டு. அதன் மடிப்பு உறையில் பதிந்திருந்தது. நாம் பர்ஸில் சாமி படம் வைப்பதுபோல் அப்பா அதை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எத்தனையோ தடவை அப்பா என்னை அடித்திருக்கிறார், திட்டியிருக்கிறார். என் எதிரில் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "சார், அப்பா ஹெல்மெட் போடலை. தப்புதான். ரசீது போடுங்க சார், கட்டிடறோம்."

"டேய், சும்மா இருடா" என்று அப்பா என் கையைக் கிள்ளினார். "பையன் விவரம் தெரியாம பேசறான், ஐயா."

"ரசீது வேணும்னா ஆயிரம், தெரியும்ல?" என்றார் அவர்.

"தெரியும் சார்."

சத்தம் கேட்டு, ஜீப்பில் இருந்த எஸ்.எஸ்.ஐ. இறங்கி வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடி விழும் என்றே நினைத்தேன். அவர் உறையை வாங்கி, நோட்டை எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மெஷினில் இ-சலான் போட்டுக் கொடுத்தார். "பெரியவரே, மொதல்ல தலைக்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றார். அவ்வளவுதான். ஆக, அந்த லாரி நிழலில் இரண்டு விதமான ஆட்களும் நின்றார்கள். காக்கிச்சட்டை எல்லாமே ஒன்று என்று இனி நான் எழுத மாட்டேன்.

சினிமாவாக இருந்தால் அப்பா என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். நடந்தது வேறு. ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. "அம்பது ரூபாய்ல முடியறதை ஆயிரமாக்கிட்டு வந்து நிக்கிறான் உன் பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஹெல்மெட் அபராதம் 2022 அக்டோபருக்கு முன்னால் நூறு ரூபாய். அதற்குப் பிறகு ஆயிரம். அன்றாடம் சம்பாதிக்கிறவருக்கு ஆயிரம் என்பது இரண்டு நாள் அடுப்பு. அபராதம் பத்து மடங்கு ஏறியபோது, ரசீது இல்லாத ரேட்டும் தானாகவே ஏறியது. "முன்னே இருபது, இப்போ அம்பது" என்று அப்பாவே சொன்னார்.

எட்டாம் நாள் ராத்திரி சலான் காகிதத்தின் பின்புறத்தில் கணக்குப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை ஐம்பது. வருடத்துக்கு 2,600. இரண்டு வருடத்துக்கு 5,200. ஐந்து தடவை முறையாக அபராதம் கட்டுகிற பணம். இத்தனையும் கொடுத்து, தலைக்குப் பாதுகாப்பும் இல்லை, கையில் ரசீதும் இல்லை. அப்பா காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சந்தையிலிருந்து வரும்போது தலையில் புது ஹெல்மெட். உள்ளே துண்டும் இருந்தது!

அதன் பிறகு நம் வகுப்பு நண்பர்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுத்தோம். போலீஸைத் திட்டி ஒரு வரிகூட எழுதவில்லை. கிளையை வெட்டுங்கள், ஃபிளெக்ஸை எடுங்கள், பலகை தெரியட்டும், வேகக் கண்காணிப்பு இருந்தால் முன்னாலேயே அறிவியுங்கள். இவ்வளவுதான். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் பார்த்தால் புளியங்கிளையைக் காணோம். '30' பளிச்சென்று நின்றது. எச்சரிக்கைப் பலகை இன்னும் வரவில்லை. ஆனால் வண்டிகள் இப்போது மில் திரும்பும்போதே மெதுவாகின்றன. நானும்தான். லாரி நிழலில் இன்னும் நிற்கிறார்கள். ரசீது கொடுக்கிறார்களா என்றால், கேட்கிறவனுக்குக் கொடுக்கிறார்கள்.

ஆகையால் நண்பர்களே, ஹெல்மெட் போடுங்கள். லைசென்ஸ் எடுங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மெதுவாகப் போங்கள். நிறுத்தினால் நில்லுங்கள், 'சார்' என்றே கூப்பிடுங்கள். தப்பு செய்திருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நான்கே நான்கு வார்த்தை, மரியாதையாக: "சார், ரசீது போடுங்க சார்." அது அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகச் செலவாகும். பொய் சொல்லாமல் வகுப்புக்குள் நுழையலாம்.

அப்பாவின் பிளாஸ்டிக் உறையைப் போன வாரம் தற்செயலாகப் பார்த்தேன். ஆர்.சி. இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது. மடிப்பின் தடம் மட்டும் இன்னும் போகவில்லை.