வெள்ளை ஒயர்

மிச்சிகனில் மே மாதம் பிறந்துவிட்டால், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே போகும் பக்கம் முழுக்க டிரெய்லர்கள்தான். படகு, கேம்ப்பர், புல்வெட்டும் இயந்திரம் என்று ஒவ்வொரு பிக்கப் டிரக்கும் எதையாவது இழுத்துக்கொண்டு போகும். அவற்றின் பின்னால் போகும்போது என் கண் முதலில் தேடுவது விளக்கைத்தான். பெரிய டிரெய்லர் என்றால் டிரக்கின் சொந்த விளக்குகளை அது அப்படியே மறைத்துவிடும். முன்னால் போகிறவர் நிற்கப்போகிறாரா, தடம் மாறப்போகிறாரா என்று சொல்ல டிரெய்லரின் இரண்டு சிவப்பு விளக்குகளை விட்டால் வேறு நாதி இல்லை. ஓட்டுகிறவர் கண்ணில் அவை படுவதே கிடையாது. எரியாமல் நூறு மைல் போனாலும் அவருக்குத் தெரியாது. பின்னால் குடும்பத்தோடு வருகிறவருக்குத்தான் அது ஆபத்து. இந்த ஒயரிங் வேலையைக் கற்றுக்கொண்டதும், டிரெய்லர் வைத்திருக்கிற நண்பர்கள் யார் கூப்பிட்டாலும் கிளம்பிப் போவதும் அதனால்தான்.

சிறிய டிரெய்லர்களுக்கு அமெரிக்காவில் நான்கே ஒயர்கள். பழுப்பு, இரவு விளக்குகளுக்கு. மஞ்சள், இடப்பக்கப் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும். பச்சை, வலப்பக்கத்துக்கு. வெள்ளை, மின்சாரம் திரும்பிப் போகும் எர்த். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே ஒயர், பல்புக்குள் ஒரே இழை. இரட்டை இழை பல்பில் மங்கலான இழை இரவு விளக்குக்கு, பிரகாசமான இழை மற்ற இரண்டுக்கும். டிரக் பக்கத்துப் பிளக்கை உற்றுப் பார்த்தால் மூன்று முனைகள் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும், எர்த் முனை மட்டும் பித்தளைக் குச்சியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் உள்ள முனைகள் எதிலும் உரசிப் பியூஸ் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

போன வருஷம் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். வயதில் சின்னவர், பழைய பிக்கப் வைத்திருக்கிறார்.

"அண்ணா, ஹெட்லைட் போட்டா டிரெய்லர்ல லைட் எரியுது. பிரேக்கை மிதிச்சா எரிஞ்சிட்டிருக்கிறதும் அணைஞ்சு போகுது. புது ஒயரிங் கிட் வாங்கிடவா?"

"வாங்காதே தம்பி. எதையும் கழட்டாம அப்படியே வை, வர்றேன்."

கேட்கும்போதே வயிற்றைக் கலக்கியது. இருட்டில் பிரேக் போடும் அந்த நொடியில் வண்டியின் பின்பக்கமே இல்லாமல் போகிறது என்றால், பின்னால் வருகிறவன் என்ன செய்வான்?

ஆனால் இந்த விசித்திரமான கோளாறே காரணத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பழுப்பு ஒயரில் வரும் மின்சாரம் மங்கலான இழையைத் தாண்டிப் பல்பின் உடம்புக்கு வந்து, அங்கிருந்து டிரெய்லரின் சட்டத்துக்கு வந்துவிடும். டிரக்குக்குத் திரும்ப வழி இல்லை. அதனால் பிரகாசமான இழைகளுக்குள் தலைகீழாகப் புகுந்து, மஞ்சளிலும் பச்சையிலும் பின்னோக்கி ஓடி, டிரக்கின் சொந்தப் பிரேக் பல்புகள் வழியாக எர்த்தைப் பிடிக்கும். விளக்கு எரியும், எல்லாம் சரி என்று நாமும் நம்பிவிடுவோம். பிரேக்கை மிதித்ததும் மஞ்சளிலும் பச்சையிலும் 12 வோல்ட் வந்து நிற்கும். பழுப்பிலும் அதே 12 வோல்ட். வாய்க்காலின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் ஓட்டம் ஏது? எல்லாம் அணைந்துபோகும்.

நிறையப் பேர் பல்பை மாற்றுவார்கள், பியூஸைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், கடைசியில் எல்லா ஒயரையும் உருவிப்போட்டுப் புதிதாக இழுப்பார்கள். மின்சாரம் போகும் வழியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த்தில்தான் இருந்தன. மின்சாரம் மூன்று ஒயர்களில் பிரிந்து வந்தாலும், அத்தனையும் சேர்ந்து திரும்புவது அந்த ஒரே வெள்ளை ஒயரில். டிரெய்லரை மாட்டும் கொக்கிப் பந்து வழியாகவும் கொஞ்சம் எர்த் கிடைக்கும், அதை நம்பி ஓட்டக் கூடாது. பந்தில் கிரீஸ் இருக்கும், துரு இருக்கும், குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

நண்பர் வீட்டுக்குப் போனதும் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை டிரக்கின் சட்டத்திலும் மறு முனையைப் பெயிண்ட் சுரண்டிய டிரெய்லர் சட்டத்திலும் மாட்டினேன். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. நோய் இன்னதென்று ஒரு நிமிஷத்தில் உறுதியாகிவிட்டது.

டிரெய்லரின் முன்கையில், பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளை ஒயரை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. கழற்றினால் ஸ்க்ரூவுக்கு அடியில் துருத் தூள். வளையத்துக்குள் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. இங்கே குளிர்காலம் பூராவும் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் ஒயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து ஏறிவிடும். உறையைச் சீவச் சீவக் கருத்த செம்புதான் வந்தது. பளபளக்கும் செம்பு கண்ணில் படும்வரை வெட்டிக்கொண்டே போய், புது வெள்ளை ஒயர் ஒட்டுப்போட்டு, சட்டத்தை உலோகம் தெரியத் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டு மேலே கிரீஸ் தடவினோம். ஒட்டு வாங்கும்போது, சூடு காட்டினால் உள்ளே பசை உருகி மூடிக்கொள்ளும் குழாய் ரகத்தைத்தான் வாங்க வேண்டும். உறையைக் குத்திக் கவ்வுகிற பிளாஸ்டிக் கிளிப்புகளை நான் தொடுவதில்லை. ஒரு நிமிஷ வேலைதான், ஆனால் குத்திய ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

இன்னொன்றும் அவருக்குக் காட்டினேன். மல்டிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஒயருக்குள் ஒரே ஒரு செம்பு இழை அறாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் சொல்லும். பல்பின் பிரேக் இழை ஒன்றே இரண்டு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதைச் சுமக்க அந்த ஒற்றைச் செம்பு இழையால் முடியாது. அதனால் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் நல்லது. மீட்டர்தான் இருக்கிறது என்றால், விளக்குகளை எரியவிட்டு, ஒரு முனையை டிரெய்லர் சட்டத்திலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட் காட்டினாலே எங்கோ களிம்பு.

கிளம்பும்போது எல்இடி மாற்றலாமா என்று கேட்டார். தாராளமாக மாற்றலாம், படகு டிரெய்லருக்கு அதுதான் உத்தமம். சூடான பல்பு ஏரித் தண்ணீரில் இறங்கினால் வெடித்துவிடும் என்பதால் இறக்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்வார்கள். எல்இடியில் அந்தக் கவலை குறைவு. ஆனால் அது இழுக்கும் மின்சாரம் சொற்பம். சில புது டிரக்குகள் அதைக் கண்டுகொள்ளாமல் டிரெய்லரே மாட்டவில்லை என்று எச்சரிக்கை காட்டும். அவருடைய பழைய பிக்கப்பில் அப்படி மின்சாரத்தைக் கணக்குப் பார்க்கும் பெட்டி கிடையாது. ஆனால் இண்டிகேட்டரை மினுக்கும் பிளாஷர் அந்தச் சொற்ப மின்சாரத்துக்கு ஒத்துவரும் ரகமா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றேன்.