சுங்கான் பழக எவ்வளவு செலவாகும்?

சென்ற மாதம் நம் சங்கத்து நூலக அறையில் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். மதுரைப் பக்கத்தவர். சால்ட் லேக்கில் கணினி வேலை கிடைத்து வந்து எட்டு மாதங்களே ஆகின்றன. "மாமா, நீங்கள் ஒரு காலத்தில் பைப் பிடித்தவராமே! புதிதாகப் பழகுகிறவனுக்கு என்ன செலவாகும்?" என்று கேட்டார்.

இத்தகைய கேள்விக்கு வயதானவன் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு. அதை அந்தத் தம்பியும் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் கேட்டது உபதேசத்தை அன்று, விலையை. விலை கேட்டவனுக்கு விலை சொல்வதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

நான் சுங்கானைப் பிடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1974-இல் டல்ஹௌசி சதுக்கத்துக்கு அருகே ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். எங்கள் பிரிவின் தலைவர் ஒரு வங்காளப் பெரியவர். கடிதம் எழுதுமுன் சுங்கானை நிரப்புவார். முடித்தபின் தட்டிக் கொட்டுவார். அவர் பேச்சுக்கு நடுவே புகை விடும் நேரத்தில் அறையில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தின்மீதுதான் எனக்கு ஆசை வந்தது என்று இப்போது தோன்றுகிறது. புகையிலை எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. என் பாட்டனார் உறையூர்ச் சுருட்டு பிடித்தவர். ஆங்கிலேயர் தம் மொழியில் வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு' தான் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. நான் சுங்கான் வாங்கிய செய்தி ஊருக்கு எட்டியபோது, "புகைக்கு ஒரு பாத்திரம் வேறா?" என்று அவர் கேட்டாராம்.

1979-இல் துர்கா பூஜைக்கு வந்த போனஸ் பணத்தில் வாங்கினேன். "எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் புதிதாக ஒரு பக்கத்தைத் திருப்பி, தலைப்பில் 'சுங்கான்' என்று எழுதினாள்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. தம்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அதை அவளே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முதல் மாதக் கணக்கு இது: சுங்கான் 85 ரூபாய், சாம்பல் சுரண்டவும் புகையிலையை அமுக்கவும் ஒரு கருவி 12, குழலைத் துடைக்கும் பஞ்சுக் கம்பிகள் 6, புகையிலை டப்பா இரண்டு 56, தீப்பெட்டி 4. ஆக 163. என் சம்பளம் அப்போது 720.

சுங்கானைக் கையில் எடுத்த எவரும் முதலில் ஏமாறும் இடம் இதுதான். பாத்திரத்தின் விலையைக் கணக்கிடுவோமேயன்றி அது தின்னும் தீனியைக் கணக்கிட மாட்டோம். சுங்கான் ஒருமுறை பற்றவைத்தால் எரிந்துகொண்டே இருக்கும் என்பது பார்ப்போரின் எண்ணம். புதியவன் கையில் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணையும். சிவகாசிக்கு அந்த ஆண்டு நான் செய்த உபகாரம் சிறிதன்று. (அன்று சில்லறைக் காசுக்குக் கிடைத்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று என்பதையும் தம்பியிடம் சொன்னேன்.)

அடைப்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. முதல் சிட்டிகையைக் குழந்தையின் கையாலும், இரண்டாவதைப் பெண்ணின் கையாலும், மூன்றாவதை ஆணின் கையாலும் அழுத்துவதுபோல் அழுத்த வேண்டும் என்பது பழையவர்கள் சொல்லும் பாடம். இறுக்கினால் காற்று வாராது. தளர்த்தினால் நெருப்பு நாக்கைச் சுடும். பற்றவைத்தபின் மெல்ல, மூச்சு விடும் கதியில் இழுக்க வேண்டும். நான் ரயில் இஞ்சினைப்போல் இழுத்தேன். மூன்றாம் நாள் நாக்கில் கொதிநீர் பட்டதுபோல் ஆகி, ரசம் குடிக்க முடியவில்லை. இதற்கு மருந்தில்லை, பொறுமைதான் மருந்து. பொறுமையற்றவர்கள் புகையிலையைக் குறை கூறி வேறு டப்பா வாங்குவார்கள். நானும் வாங்கினேன். கிதிர்பூர் பான்ஸி மார்க்கெட்டில் மறைவாக விற்ற அயல்நாட்டு டப்பாக்கள் அப்படித்தான் என் வீட்டுக்குள் நுழைந்தன.

பிறகு இரண்டாவது சுங்கான் வந்தது. ஒரே சுங்கானை நாள்தோறும் பிடித்தால் கட்டையில் ஈரம் ஊறிப் புளித்துப் போகும். ஒருமுறை பிடித்தால் ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். இதை விற்றவன் முதலில் சொல்லவில்லை. அது 70 ரூபாய். தோல் பை 18. பொறி பட்டுப் பொத்தலான சட்டைக்கு மாற்று 35. (சட்டையை இந்தப் பக்கத்தில் எழுதியது நியாயமா என்று அன்று வாதாடினேன். தோற்றேன்.) மாதந்தோறும் ஓர் அயல்நாட்டு டப்பா, ஓர் உள்நாட்டுப் பொட்டலம் என்று புகையிலைக்கு 50 ரூபாய் வீதம் பதினொரு மாதம் 550. தீப்பெட்டி 44. பஞ்சுக் கம்பி 30. அடுத்த பூஜை வந்தபோது அவள் அடிக்கோடிட்டுக் கூட்டிய தொகை 910. நூறு ரூபாயில் முடியும் என்று நான் சொன்ன காரியம் அது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே போயிருந்தது.

"இன்றைக்கு என்ன ஆகும்?" என்று தம்பி விடாமல் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

நல்ல சுங்கான் 'பிரையர்' என்ற கட்டையில் செய்வது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மலைச்சாரல்களில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேருக்கும் தண்டுக்கும் இடையே திரளும் முண்டு அது. அதை வெட்டி, பல மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சாறு போக்கி, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், உலர்த்துகிறார்கள். நெருப்புக்கு எளிதில் கருகாது என்பதே அதன் சிறப்பு. பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சேன் குளோத் என்ற ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இத்தொழிலுக்குப் பேர்போனது. இத்தாலி, அயர்லாந்து நாட்டுப் பெயர்பெற்ற பட்டறைகளின் சாதாரணச் சுங்கான்கள் அமெரிக்கக் கடைகளில் ஏறத்தாழ 80 முதல் 150 டாலர் வரை விற்கின்றன. வெள்ளைப் புள்ளி பொறித்த டன்ஹில் சுங்கானுக்குப் பல நூறு டாலர் கொடுக்க வேண்டும். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் வெண்கல்லில் செதுக்கியவையும் உண்டு. பிடிக்கப் பிடிக்கப் பழுப்பேறி அழகாகும், கீழே விழுந்தால் உடைந்துபோகும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

புதியவனுக்கு இவையொன்றும் வேண்டா. மக்காச்சோளக் கொண்டையைக் குடைந்து செய்த சுங்கான் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மிஸூரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் ஒரு நிறுவனம் அதைச் செய்து வருகிறது. தளபதி மெக்கார்தர் வாயில் படங்களில் காண்பது அதுதான். பத்துப் பதினைந்து டாலருக்குள் கிடைக்கும். புதுக் கட்டையைப் பழக்குவதற்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி என்று நிரப்பிப் படும் பாடு இதில் இல்லை. இந்த ஊர்த் தெருவோரத்தில் சில நூறு ரூபாய்க்கு வார்னிஷ் பளபளக்க விற்கும் சாதாரண மரச் சுங்கானை மட்டும் வாங்கலாகாது. அதன் உட்சுவர் சூட்டில் கருகும். வார்னிஷும் சேர்ந்து மணக்கும். நான் வாங்கிய 70 ரூபாய்ச் சுங்கான் இந்த ஜாதிதான். ஏழே மாதத்தில் அதன் அடி ஓட்டையாயிற்று.

ஆக, கருவிக்கு இன்று பெரிய செலவில்லை. செலவெல்லாம் புகையிலையில். 50 கிராம் டப்பா அமெரிக்காவில் ஏறத்தாழ 12 முதல் 20 டாலர். நம் நாட்டில் அதன்மேல் வரி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, சுங்கானுக்கான புகைக் கலவைக்கு நூற்றுக்கு 28 வரியும், அதன்மேல் நூற்றுக்கு 290 இழப்பீட்டுக் கூடுவரியும் விதித்தார்கள். நூறு ரூபாய்ச் சரக்கு 418 ரூபாயாயிற்று. அதன் பின் வரியின் அமைப்பு மாறியிருக்கிறது. வாங்கப் புகுவோர் அன்றன்றைய விகிதத்தைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். சரி, வாங்கியாயிற்று, எங்கே உட்கார்ந்து பிடிப்பது? ஒரு நிரப்பல் முக்கால் மணி நேரம் எரியும். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. எங்கள் தலைவர்போல் அலுவலக நாற்காலியில் சாய்ந்து புகை விடும் காட்சி இனி இல்லை. வாடகை அறையின் பால்கனிதான் மிச்சம். அதற்கும் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

தம்பி இவற்றையெல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். நோட்டைத் தாமே புரட்டத் தொடங்கினார். ஆண்டுகள் ஓடின, 1998-ஆம் ஆண்டின் பக்கம் வந்தது.

அவ்வாண்டு பல்வலி என்று மருத்துவரிடம் சென்றேன். குழலைக் கடித்துக் கடித்து ஒரு பல் தேய்ந்திருந்தது. அவர் பல்லைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேலண்ணத்தைப் பார்த்தார். அண்ணம் முழுதும் வெளுத்து, இடையிடையே செம்புள்ளிகள். "பைப் பிடிப்பீர்களா?" என்றார். அது சுங்கான்காரர்களுக்கென்றே வரும் அடையாளமாம், சூட்டால் வருவது, விட்டால் பெரும்பாலும் மாறிவிடும் என்றார். அத்தோடு நின்றிருந்தால் நான் விட்டிருப்பேனோ என்னவோ! நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டும் இருந்தது. அதைக் கீறிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டுவிடுவதால் சுங்கானால் தீங்கில்லை என்பது நாங்கள் அனைவரும் நம்பிய வேதம். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையிலேயே, சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுக்கும் உள்ள தொடர்பு நிலைநாட்டப்பட்டது என்று கண்டிருக்கிறது. நான் முதல் சுங்கான் வாங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய செய்தி அது. வாய்க்குள் வைத்து விடும் புகை வாயைத்தானே தொடும் என்று யோசிக்க மருத்துவப் படிப்பும் வேண்டியதில்லை.

முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அலுவலகம் போனேன், வந்தேன். வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெண் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் வந்த தாளில், புற்று இல்லை, ஆனால் அணுக்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, திட்டை எடுத்துவிட வேண்டும் என்றிருந்தது. எடுத்தார்கள். அன்று வைத்த சுங்கானை மறுபடி தொடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டி வருகிறேன்; இதுவரை குறையில்லை. தொடாமலிருப்பது எளிதாக இருந்தது என்று மட்டும் எண்ண வேண்டா. மாலை ஆறு மணிக்குக் கை தானாகச் சட்டைப்பையைத் தேடும். இரண்டு ஆண்டுகள் தேடியது.

தம்பி அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "பல் டாக்டர் 80. சோதனை 450. டாக்ஸி 62. முடிந்து வைத்தது, சமயபுரம், 101."

கடைசி வரியை நான் அதுவரை கண்டதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் இருந்த நோட்டு. ஒருநாளும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. தேதியைப் பார்த்தேன், அந்தப் பத்து நாள்களுக்குள் இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து எங்கே வைத்திருந்தாளோ! 2000-இல் ஊருக்குப் போனபோது, சமயபுரத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதம் செய்தது நினைவுக்கு வந்தது. பெண்ணின் படிப்புக்காக வேண்டிக்கொண்டது என்று எண்ணியிருந்தேன். வெயிலில் வரிசையில் நிற்கச் சலித்துக்கொண்டு நான் வெளியே தேங்காய்க் கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒருத்தியாகத்தான் உள்ளே போய் வந்தாள்.

அவளிடம் கேட்கலாமென்று திரும்பினேன். காபி கலக்க உள்ளே போயிருந்தாள்.

தம்பி கைப்பேசியில் எண்களை வரிசையாகத் தட்டிக் கூட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, "மாமா, இந்தக் கோயில் நூற்றொன்றையும் சேர்க்க வேண்டுமா?" என்றார்.

"சேர்த்துக்கொள்" என்றேன்.