உண்ணி ஏறும் உயரம்

திண்ணைச் சுவரில் ஒரு கரும்புள்ளி ஏறிக்கொண்டிருக்கிறது. சென்னை அபிராமபுரத்துப் பாட்டி வீட்டை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இதுதான். பாட்டி விளக்குமாற்றுக் குச்சியால் அதைத் தட்டி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் விழவைப்பாள். மணி என்ற எங்கள் நாய் கீழே படுத்து, தன் காதிலிருந்து போனதுதான் அது என்று தெரியாமல் வாலாட்டும்.

ரத்தம் குடித்து ஊதிய உண்ணி ஆமணக்குக் கொட்டை மாதிரியே இருக்கும். லத்தீன் பேசியவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆமணக்குக்கு அவர்கள் வைத்த ரிசினஸ் என்ற பெயருக்குப் பொருளே உண்ணிதான். நம் பக்கத்தில் அந்தப் பெயர் வேறொரு செடிக்குப் போனது. வேலியோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் உண்ணிச்செடி. மாட்டின் பின்னாலேயே நடக்கும் வெள்ளைப் பறவைக்கும் உண்ணிக்கொக்கு என்று பெயர். இத்தனை பேருக்குப் பெயர் தந்த உயிரை நாம் நின்று பார்ப்பதே இல்லை.

என்னை நின்று பார்க்கவைத்தவர் குன்னூரில் கால்நடை மருத்துவராக இருந்த சித்தப்பா. கோடை விடுமுறை என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ். மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயில். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வும் சத்தம். கீழே 330 மீட்டரில் வியர்த்துக்கொண்டு ஏறியவர்கள், ஊட்டியின் 2200 மீட்டரை நெருங்கும்போது ஸ்வெட்டர் தேடுவார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் அந்த 46 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 12 டிகிரி குறைந்துவிடுகிறது. ஜன்னலோரம் கூடவே வந்த உண்ணிச்செடியும் குளிர் ஏற ஏற மெலிந்துபோகும்.

சித்தப்பாவிடம் ஒரு வெள்ளை ஃபிளானல் துணி இருந்தது. அதைப் புல்லின்மேல் மெல்ல இழுத்து நடப்பார். ஆடோ மானோ வந்துவிட்டது என்று நினைத்து, புல்நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும் உண்ணிகள் துணியைப் பற்றிக்கொள்ளும். அந்த முன்கால்களில்தான் அதன் மோப்பம் இருக்கிறது. மசினகுடிப் பக்கம் ஒருநாள் இழுத்தபோது துணியில் கடுகு சிதறியதுபோல் குஞ்சுகள். ஆறே கால்கள். மீதி இரண்டு கால்கள் அடுத்த தோலுரிப்பில்தான் வரும் என்றார்; பூச்சி இல்லை, சிலந்தியின் சொந்தம். மறுநாள் ஊட்டிப் புல்வெளியில் அதே துணியை இழுத்தோம். பனிஈரம் மட்டும் ஒட்டியது. ஸ்பிரிட் குப்பிகளில் இடத்தின் பெயரோடு உயரத்தையும் எழுதி ஒட்டினார்.

“உண்ணிக்கு மீட்டர் தெரியாதுடா. வெயிலும் ஈரமும்தான் தெரியும்.”

அந்தச் சொல்லின் ஆழம் பின்னால்தான் புரிந்தது. முட்டை பொரிய, தோலுரிக்க, இவ்வளவு வெப்பம் சேரவேண்டும் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. குளிரில் அந்தக் கணக்கு நிறைவதற்குள் பருவம் போய்விடும். சமவெளியின் மாட்டு உண்ணி மேலே திணறுவது அதனால்தான். இக்ஸோடிஸ் என்ற உண்ணி வகைக்கோ நேரெதிர்த் துயரம். சீக்கிரம் காய்ந்துபோகும் உடம்பு. அதனால் இமயச் சரிவுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் ஒதுங்கி வாழ்கிறது. சென்னை வெயில் அதற்கு ஆகாது. ஒன்றுக்கு மேலெல்லை, இன்னொன்றுக்குக் கீழெல்லை. மலையில் யாரும் போடாத கோடுகள் அவை.

நகரும் கோடு என்றதும் குரங்குகள் நினைவுக்கு வருகின்றன. 1957-ல் இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின்னாலேயே மனிதர்களுக்குக் காய்ச்சல். அந்த நோயைச் சுமந்தது ஹீமாஃபைசாலிஸ் என்ற காட்டு உண்ணி. பல பத்தாண்டுகள் அந்தப் பக்கத்து நோயாகவே பேசப்பட்டது, 2012-ல் பந்திப்பூரில் தலைகாட்டி, முதுமலைக்கும் வயநாட்டுக்கும் வந்துவிட்டது. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போகிறவர்களைத்தான் அது முதலில் தொடுகிறது. ஐரோப்பாவில் செக் நாட்டின் கிர்கொனோஷே மலைகளில் ஐம்பதுகளில் 700 மீட்டர் அளவில் நின்றிருந்த உண்ணி, இந்த நூற்றாண்டில் 1100 மீட்டரையும் தாண்டிவிட்டது. மலை அதேதான், சூடு ஏறியிருக்கிறது. சித்தப்பாவின் குப்பிகளைப்போல, எந்த ஆண்டு எந்த உயரம் என்று எழுதிவைக்கிறவர்கள் நம் ஒவ்வொரு மலைக்கும் வேண்டும். எழுதி வைக்காத கோடு நகர்ந்தால் யாருக்குத் தெரியும்?

பாட்டியின் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. போன மாதம் அதன் மூன்றாவது மாடியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு கரும்புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. பெண் உண்ணி. ரத்தம் நிரம்பியதும் நாயை விட்டு இறங்கி, முட்டையிட விரிசல் தேடி மேலே போகும். ஆயிரக்கணக்கில் இடும். அன்றும் திண்ணையில் ஏறியது ஒரு விரிசலைத் தேடித்தான்.

எத்தனை மாடி ஏறினாலும் அதற்கு அது அபிராமபுரம்தான். அதே வெக்கை, அதே கடற்காற்றின் ஈரம். மலையில் எங்கோ ஒரு கோட்டில் நிற்கவேண்டிய உயிருக்கு, இங்கே நிற்கக் காரணமே இல்லை. நண்பரிடம் பழைய விளக்குமாற்றுக் குச்சி ஒன்று கேட்டு வாங்கினேன்.