வண்டிப்பெரியார்: ஏடு காணாத ஊர்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது ஏடு. இவ்வகையில் இங்கிலாந்து நாட்டார் பேறு பெற்றவர். 1086-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு மன்னன் தன் நாட்டின் பெரும்பகுதியில் நிலத்தையும் ஏரையும் குடிகளையும் எண்ணி எழுதுவித்தான். 1538 முதல் தேவாலயந்தோறும் திருமுழுக்கும் மணமும் அடக்கமும் பதிவு செய்யப்பெற்றன. அதனாலன்றோ, ஹோஸ்கின்ஸ் என்னும் அறிஞர் விக்ஸ்டன் என்ற ஒரே சிற்றூரின் உழவர் வாழ்வைப் பல நூற்றாண்டுகட்கு விரித்து 1957-இல் ஒரு முழு நூல் இயற்ற முடிந்தது! அந்நூலைப் பற்றி அறிந்த நாள்முதல் எம் உள்ளத்தில் ஒரு வினா: யாம் பிறந்த வண்டிப்பெரியாருக்கு இத்தகைய வரலாறு இல்லையா?

குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் மலைச்சாலையில், பெரியாற்றின் கரையில் அமைந்தது எம் ஊர். மாட்டு வண்டிகள் நின்று இளைப்பாறிய ஆற்றங்கரை ஆதலின் இப்பெயர் பெற்றது என்பர் முதியோர். ஆறு என்பதே பேச்சில் 'ஆர்' ஆயிற்று. அண்டையிலுள்ள பீர்மேடு, தக்கலை பீர்முகம்மது அப்பா என்னும் ஞானியார் தங்கிய மேடு என்பது வழிவழி வந்த செய்தி. குமுளிக்கு அப்பால் மங்கலதேவிக் குன்றில் பாழ்பட்ட கண்ணகி கோட்டம் நிற்கிறது. மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த மலைகள் இவை. ஆண்ட பூஞ்சாற்று அரசரோ தம்மைப் பாண்டியர் வழியினர் என்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் இக்காடுகளைத் திருத்திக் காப்பி பயிரிட்டனர். இலைநோயால் காப்பி நலிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அக்காலத்தேதான் ஊருக்கு மேலே முல்லைப் பெரியாறு அணையும் எழுந்தது. 1886-இல் திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கர் நிலத்தை, ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகைக்கு, 999 ஆண்டுகட்கு ஆங்கில அரசுக்கு அளித்தது. பென்னிகுக் கட்டிய அவ்வணை 1895-இல் திறக்கப்பெற்று, மேற்கே ஓடிய நீர் கிழக்கே வைகைக்குத் திரும்பிற்று. மலையின் நீர் மதுரைச் சீமைக்கு இறங்க, வறண்ட சீமைகளின் மக்கள் பிழைப்புத் தேடி மலையேறினர்.

எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, கங்காணி கொடுத்த முன்பணத்திற்குக் கட்டுண்டு, கம்பத்தைக் கடந்து குமுளி ஏறியவர். மழையும் அட்டையும் மலைக்காய்ச்சலும் அவரை எதிர்கொண்டன. பாட்டியார் கொழுந்துக்கூடை சுமந்தார். லயத்தில் ஓர் அறையும் ஒரு திண்ணையும் அவர்தம் உலகம். அவர்தம் பெயர் எழுதப்பெற்ற ஒரே ஏடு தோட்டத்துச் செக்ரோல். அதுவும் வேலை செய்த நாளைக் கூலிக்காகக் குறித்ததேயன்றி, வாழ்ந்த வாழ்வைக் குறித்ததன்று.

ஏடின்மையின் விலை 1956-இல் தெரிந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் மிகுதி என்று உரிமை கோரினர். அவர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோவோரே என்ற எதிர்வாதமும் எழுந்தது. அவ்வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. எல்லை எங்கே அமைதல் முறை என்று வழக்காடுவது எம் நோக்கமன்று. அங்கே மலையாள மக்களோடு உடன்பிறந்தார் போலவே வளர்ந்தோம். ஆயினும், தம் பிள்ளைகளைப் பெற்று, பெற்றோரை அடக்கம் செய்த மண்ணில் ஒருவர் 'வந்துபோவோர்' என எண்ணப்பட்டாரே, அதுவே நெஞ்சை உறுத்துகிறது.

நீருக்காக 999 ஆண்டுக் குத்தகை எழுதிய அம்மலையில், எம் தந்தையார்க்கு வேலை உள்ளளவே வீடு. ஓய்வு பெற்றதும், தாம் பிறந்த அறையையே ஒப்படைத்து இறங்கினார். 2000-ஆம் ஆண்டினை ஒட்டித் தேயிலை விலை வீழ, பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. இளைஞர் பிழைப்புத் தேடி ஊரூராய்ப் பிரிந்தனர். பாட்டனார் ஏறிவந்த பாதையில் பேரன்மார் இறங்கினர்.

எழுத்தராய்க் கோப்புகளோடு நாளும் பழகும் எமக்கு ஒன்று தெரியும்: ஏட்டில் இல்லாதவன் உரிமை கோருதல் அரிது. விக்ஸ்டன் உழவனும் எம் பாட்டனாரைப் போன்ற ஏழையே. ஆயினும் அவன் பெயரை எழுதிவைக்க ஊரில் ஒருவர் இருந்தார். நமக்கு அவ்வொருவர் நாமே ஆதல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் குடும்பத்தார்க்கு எம் வேண்டுகோள் இதுவே. இல்லத்து முதியோர் இருக்கும்போதே அவர்தம் பூர்வீக ஊர், வந்த வழி, உழைத்த தோட்டம், இறந்தோரை அடக்கிய இடம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்கு பக்கம் போதும். நூறு இல்லத்துக் குறிப்பேடுகள் ஒருங்கு சேர்ந்தால், அதுவே வண்டிப்பெரியாரின் வரலாறு ஆகும்.